மூன்று கட்டிலோடு கல்லூரி மாறியவள்

சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்ததால் வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர் விழுந்தது. பிறகு அவள் யாரையும் கேட்காமல் வளர்ந்து அப்பாவைவிட அரைச் சாண் உயரமாகிவிட்டாள். பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. வீட்டில் எல்லோருக்கும் அடுத்தவர் வீட்டை மாற்றுகிற வேலை.

அப்பாவிடம் சொந்தமாக ஒரு லாரி. குடிமாறுகிறவர்களின் சாமான்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கண்ணாடியையும் பீங்கானையும் காகிதத்தில் சுற்றுவது அம்மா. அம்மாவின் தம்பி, அதாவது சுண்டுவின் மாமா, பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி இறங்குவார். இறங்கும்போதும் பேச்சை நிறுத்த மாட்டார். பீரோவின் சொந்தக்காரர்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த அறையிலும் ஒரு சாமானைத் தொடுவதற்கு முன், வாசலில் நின்று கிழிந்த அட்டை ஒன்றில் அந்த அறையைப் படமாக வரைந்துகொள்வாள். கட்டில் எந்தப் பக்கம், மேஜைமேல் என்னென்ன, கடிகாரம் எந்த ஆணியில், எல்லாம் அதில் இருக்கும். புது வீட்டிலும் அதே மாதிரி வைத்துக் கொடுத்தால் குடிவந்தவர்களுக்கு அன்றைக்கே தூக்கம் வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

அப்பாவுக்கு ஒரே சட்டம். காலி என்றால் காலி. சுவரும் தரையும் தவிர எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. ஒரு தடவை ஒரு வீட்டின் அழைப்பு மணியைக்கூடக் கழற்றி எடுத்துவந்துவிட்டார். அது வீட்டுச் சொந்தக்காரருடைய மணி என்று தெரிந்ததும் நாற்பது கிலோமீட்டர் திரும்பப் போய் மாட்டி, ஒருமுறை அடித்தும் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் சுண்டு. மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு பெரிய கல்லூரியே இடம் கொடுத்தது. பெரியது என்றால் நிஜமாகவே பெரியது. முதல் வாரத்தில் இயற்பியல் வகுப்பைத் தேடிப்போய் இரண்டு தடவை விலங்கியல் வகுப்பில் உட்கார்ந்தாள். இரண்டாவது தடவை எழுந்து வெளியே வர வெட்கப்பட்டு, தவளையின் இதயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தாள். சரியான வகுப்பைக் கண்டுபிடித்தபோது அங்கே இருநூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அவள் எண் நூற்று எண்பத்தேழு. ஒருநாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். மறுநாள் பார்த்தால் அவள் வருகை பதிவாகியிருந்தது. நூற்று எண்பத்தேழுக்கு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. நட்பு என்று சொல்லிக்கொள்ள அங்கே அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு குரல்தான்.

விடுதி அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்து வந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. சாப்பிடப் போகும்போது, "நீயும் வர்றியா?" என்று கேட்பார்கள். என்ன, செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே போன பிறகு கேட்பார்கள்.

"நீங்க போங்க, நான் வரேன்," என்பாள் சுண்டு.

மூன்றாவது மாதத்தில் கேட்பதும் நின்றுபோனது. வீட்டிலிருந்து போன் வந்தால் சுண்டு, "சூப்பரா இருக்கேன்," என்பாள். பொய்யைத் தினமும் ஒரே மாதிரி சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறையில் தன்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைக்கூட அவள் அம்மாவிடம் சொன்னதில்லை. சொன்னால் அவர்களைப் பற்றிக் கேட்பாள். சொல்ல என்ன இருக்கிறது?

சந்தேகம் வந்தது அப்பாவுக்கு. அதுவும் ஒரு முடிச்சைப் பார்த்து.

வருடத் தேர்வு முடிந்த அன்று, எங்கோ ஒரு லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய அப்பா, விடுமுறைக்கு மகளைக் கூட்டிப்போக விடுதிக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் ஏழு அட்டைப் பெட்டிகள் இருந்தன. போன வருடம் அவரே கட்டிக் கொடுத்தவை. அவர் முடிச்சு தனி ரகம். ஒரு சுற்று கூடுதலாகப் போட்டு நுனியை உள்ளே சொருகிவிடுவார். ஒருமுறை அவிழ்த்தால் வேறு யாராலும் அதே மாதிரி கட்ட முடியாது. ஏழில் ஐந்து பெட்டிகள் அவர் கட்டியது கட்டியபடியே இருந்தன.

அப்பா குனிந்து ஒரு பெட்டியை இழுத்தார். "இதுல போர்வை இருந்துச்சே. குளிரலையா?"

"இல்லப்பா."

"ஒரு வருஷமாவா?"

சுண்டு அந்தப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள். ஆயிரம் வீடுகளைக் குடிவைத்தவர் அவர். பெட்டியைப் பிரிக்காமல் இருக்கிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியும். வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி இரண்டு டீ வாங்கினார். இரண்டையும் அவளிடமே கொடுத்துவிட்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த விடுமுறையில் ஓர் இயற்பியல் ஆசிரியையின் வீட்டு லோடு வந்தது. வேறோர் ஊரில் இருக்கும் சின்னக் கல்லூரி ஒன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சுண்டுவும் கூடப் போயிருந்தாள். அலமாரியில் ஒரு பெட்டி நிறைய லென்ஸ்கள் இருந்தன. மாமா ஒன்றை எடுத்துத் தன் தோள் துண்டில் சுற்றப் போனார்.

"மாமா, துண்டுல சுத்தாதீங்க. நீங்க இதுவரைக்கும் தொடச்ச மண்ணெல்லாம் அதுலதான் இருக்கு. கீறிடும்."

"அப்போ எதுல சுத்தணும், பட்டுலயா?"

"பேப்பர்ல. ஒண்ணோட ஒண்ணு உரசாம நிக்க வெச்சு."

"உங்க காலேஜ்ல மூட்டை கட்டவும் சொல்லித் தர்றாங்க போல," என்றார் மாமா.

ஆசிரியை திரும்பிப் பார்த்தார். "என்ன படிக்கிற?"

"பிசிக்ஸ், மேடம். ஒரு வருஷம் முடிஞ்சுது."

"எப்படி இருக்கு?"

சுண்டுவின் வாய் பழக்கதோஷத்தில் ‘சூப்பர்’ என்று சொல்லத் திறந்தது. எதிரே அப்பா ஒரு பெட்டியைத் தூக்கியபடி, அதை எங்கே வைப்பது என்பதையே மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"பிசிக்ஸ் நல்லாருக்கு மேடம்," என்றாள்.

ஆசிரியைக்கு அது போதுமானதாக இருந்தது. "எங்க காலேஜ்ல ரெண்டாம் வருஷத்துல ஒரே ஒரு இடம் காலியிருக்கு. வகுப்புல மொத்தம் முப்பது பேர்தான். வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள டி.சி.யோட வந்தா சேர்த்துப்பாங்க. நாலு மணிக்கு லிஸ்ட் மேலிடத்துக்குப் போயிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் இடம் கிடையாது."

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வண்டி சும்மாதான் நிக்குது," என்றார், யாரும் கேட்காமலே.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அவ்வளவு பெரிய காலேஜை விட்டுட்டா?"

"பெரிய வீட்டைக் காலி பண்ணிட்டு சின்ன வீட்டுக்குப் போறவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்? யாராவது அழுதாங்களா?" என்றார் அப்பா.

"சில பேர் அழுதாங்களே."

"அது பீரோ உள்ள போகலைன்னு அழுதாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரி பெரிய கல்லூரி விடுதியின் முன்னால் நின்றது. கணக்கு சுலபம். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் சின்னக் கல்லூரி. அதற்குள் டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், கைக்கு வரவேண்டும். சான்றிதழ் வேண்டுமென்றால், பாக்கி எதுவும் இல்லை என்று எட்டு இடங்களில் கையெழுத்து வாங்கவேண்டும்.

சுண்டு அறைச் சாவியை மாமாவிடம் கொடுத்தாள். "முதல் மாடி, கடைசி ரூம். காலி பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். விடியுமுன்னே எழுந்து வண்டி ஓட்டி வந்த அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே கால் நீட்டித் தூங்கிப்போனார். அவர் விழித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

நூலகத்தில் சுண்டு மாட்டிக்கொண்டாள். அவள் ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. அட்டையே போடவில்லை.

"அட்டையைத் திருப்பிக் குடுத்தாதான் கையெழுத்து," என்றார் நூலகர்.

"என்கிட்ட அட்டையே இல்ல சார்."

"இல்லாததை எப்படித் திருப்பிக் குடுப்ப?"

கடைசியில் அவளுக்குப் புதிதாக ஓர் அட்டை எழுதி, பசை காய்வதற்குள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விளையாட்டுத் துறையில் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவு உயரமா இருக்க. ஒரு வருஷமா எங்க இருந்த?" என்று வருத்தப்பட்டார். பன்னிரண்டு மணிக்குள் ஏழு கையெழுத்து. எட்டாவது, ‘அறை காலி’ என்று விடுதி வார்டன் போடவேண்டியது.

விடுதியில் இதற்குள் வேலை கனஜோராக முடிந்திருந்தது. அம்மா வாசலில் நின்று அறையை வரைந்தபோது அவளுக்கு லேசாக நெருடத்தான் செய்தது.

"ஒருத்திக்கு எதுக்குடா மூணு கட்டில்?"

"பெரிய காலேஜ் இல்லக்கா," என்றார் மாமா.

துணிகளை மடிக்கும்போது மறுபடி நெருடியது. "இந்தச் சட்டையெல்லாம் இவளுக்கு எப்போ வாங்கினோம்?"

"பெரிய காலேஜ்கா."

அந்த ஒரு பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

வார்டன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மாடியேறினார். பின்னால் சுண்டு. வாசலுக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். அறை காலி. அவள் சாமான் மட்டுமல்ல, கட்டில், மேஜை, நாற்காலி, கொடிக்கயிறு, டியூப் லைட், விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும் மற்ற இரண்டு பெண்களின் சீப்பு, சோப்புப் பெட்டி வரைக்கும் எதுவுமே இல்லை. நடுவில் மாமா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் அம்மா கையில் அட்டையோடு நின்றாள்.

"கட்டிலெல்லாம் எங்க?" என்றார் வார்டன். குரல் அறைக்குள் எதிரொலித்தது.

"ஏத்தியாச்சுங்க. மெத்தையை மேல வெச்சிருக்கோம், நசுங்காது," என்றார் மாமா பெருமையாக.

"யாரு நீங்க?"

"வீடு மாத்துறவங்க."

"இது வீடில்ல, ஹாஸ்டல். கட்டில் ஹாஸ்டலோடது. இந்த ரூம் பொண்ணுங்க ரெண்டு பேரும் லீவுல இருக்காங்க. அவங்க சாமானை எடுக்க உங்களுக்கு யாரு சொன்னது?" வார்டன் சட்டென்று சுண்டுவின் பக்கம் திரும்பினார். "ஆமா, நீ யாரு?"

"நான் இந்த ரூம்தான் மேடம்."

"இந்த ரூம்ல ரெண்டு பேர்தான் தெரியும் எனக்கு. உன்னை நான் பார்த்ததே இல்லையே."

"நான்தான் மூணாவது மேடம். ஒரு வருஷமா இங்கதான் இருக்கேன்."

"ஒரு வருஷமா இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அதனாலதான் மேடம் போறேன்," என்றாள் சுண்டு.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் அறை வெறுமையாக இருந்ததால் அந்த வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மாமாவின் துடைப்பம் நின்றது. வார்டன் சாவிக்கொத்தைக் குலுக்குவதை நிறுத்தினார்.

அம்மா மகளைப் பார்த்தாள். "சூப்பரா இருக்கேன்னு சொன்னியேடி."

"அப்புறம் திட்டும்மா. மணி பன்னண்டேகால்."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அட்டையை வார்டனின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "தப்பு எங்களோடதுதாங்க. அரை மணி நேரம் குடுங்க. எது எங்க இருந்துச்சோ அது அங்க இருக்கும். ஒண்ணு மாறியிருந்தாலும் கையெழுத்துப் போடாதீங்க."

சுண்டு கீழே ஓடி அப்பாவை எழுப்பினாள். அவர் லாரியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மூன்று கட்டில், மூன்று மேஜை, ஓரத்தில் துணி சுற்றிய டியூப் லைட். பிறகு, பின்னாலேயே இறங்கி வந்த மாமாவிடம் திரும்பினார்.

"ஜன்னலை ஏன் மாப்ளே விட்டுட்ட?"

"கம்பியை வெல்டிங் பண்ணி வெச்சிருக்காங்க அத்தான்," என்றார் மாமா, நிஜமான வருத்தத்தோடு.

அதன் பிறகு நடந்ததை வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கலாம். நாற்காலியும் லாரியில் இருந்ததால் நின்றுகொண்டு பார்த்தார். அப்பா எடுத்துக் கொடுக்க, மாமா கட்டிலைத் தலையில் வைத்து ஏற, சுண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு வாளியும் தலையணையுமாகச் சுமந்தாள். அம்மா அட்டையைப் பார்த்துப் பாட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீலச் சீப்பு ஜன்னல் ஓரம், பல்லு மேல பார்த்த மாதிரி. சிவப்புச் செருப்பு கட்டிலுக்கு அடியில, இடது கால் கவுந்து கிடக்கணும்." கவிழ்ந்து கிடந்த செருப்பு திரும்பக் கவிழ்த்து வைக்கப்பட்டது. வருடம் முழுவதும் கண்ணடித்துக்கொண்டிருந்த டியூப் லைட், மாமா மாட்டிய பிறகு ஒழுங்காக எரிந்தது. அதை மட்டும் பழையபடி செய்யமுடியவில்லை.

இருபத்தாறு நிமிடம். வார்டன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குனிந்து செருப்பையும் பார்த்தார். பிறகு சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"உன்னைத் தெரியாம இருந்தது என் தப்புதான்," என்றார் சுண்டுவிடம். "நல்லாப் படி." கொஞ்சம் தயங்கி அம்மாவிடம் திரும்பினார். "அடுத்த மாசம் என் தங்கச்சி வீடு மாறுறா. உங்க நம்பர் குடுங்க."

"எதை எடுக்கணும்னு எழுதிக் குடுத்துடச் சொல்லுங்க மேடம்," என்றாள் சுண்டு. "இல்லைன்னா அவங்க வீட்டுக்காரரையும் ஏத்திடுவாங்க."

வார்டன் சிரித்தார். அந்தக் கல்லூரியில் சுண்டு சிரிக்கவைத்த முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவரே.

சான்றிதழில் முத்திரை விழும்போது மணி ஒன்று பத்து. கேபினில் அப்பா, அம்மா, நடுவில் சுண்டு. மாமா பின்னால் ஏழு பெட்டிகளோடு. ஏழே பெட்டிகளைச் சுமந்த அவ்வளவு பெரிய லாரி கடகடவென்று ஆடிக்கொண்டு பறந்தது. எந்த வண்டியையும் முந்தாத அப்பா அன்றைக்கு ஒரு காரை முந்தினார். அது பஞ்சராகி ஓரத்தில் நின்றுகொண்டிருந்த கார் என்று மாமா இன்றும் சொல்கிறார்.

"ஏன்டி சொல்லல?" என்றாள் அம்மா பாதி வழியில்.

"சொன்னா அப்பா லாரியை எடுத்துட்டு வந்துடுவாருன்னு பயம்."

"வந்தா என்னவாம்?"

சுண்டு யோசித்தாள். "ஒண்ணுமில்ல. இப்படித்தான் இருந்திருக்கும்."

அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதே கையால் அந்த இடத்தைத் தடவியும் விட்டாள்.

சின்னக் கல்லூரியின் வாசலில் ஒரு வளைவு இருந்தது. கல்லூரிக்கு ஏற்ற வளைவு. லாரி உள்ளே போகாது. மணி மூன்று ஐம்பது. சுண்டு கதவைத் திறந்து குதித்தாள், சான்றிதழ் இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அரை கிலோமீட்டர். வழியில் ஒரு செருப்பு கழன்றது. அதை எடுக்கத் திரும்பவில்லை.

அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் நிதானமாக உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். சுண்டு ஃபைலை மேஜையில் வைத்தாள். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது.

"உட்காரும்மா," என்றார் அவர். "மணி மூணு அம்பத்தேழு. இன்னும் மூணு நிமிஷத்துக்கு இந்த உறையை நான் ஒட்ட மாட்டேன்." சான்றிதழை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். பட்டியலின் கடைசி வரியில் அவள் பெயரை எழுதி, ஊதிக் காயவைத்தார். "இயற்பியல், இரண்டாம் வருஷம். உன் நம்பர் முப்பது."

சுண்டு எழுந்து வெளியே வந்தாள். இந்தக் கல்லூரியில் விடுமுறை அந்த வாரமே முடிந்திருந்தது. அறிவிப்புப் பலகையில் பாட அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள்.

"முப்பதுன்னு சொன்னாரே, நீயா?"

"ஆமா."

"அப்பாடா. நான் இருபத்தொன்பது. லேப்ல ரெண்டு ரெண்டு பேரா நிக்கணும். என் ஜோடி பாதியிலயே போயிட்டா. அரை வருஷமா ஸ்டாப்வாட்ச்சையும் நானே புடிச்சு, ஊசலையும் நானே ஆட்டி, கை ரெண்டும் போதல. உனக்குக் கை நடுங்குமா?"

"நடுங்காது. பீங்கான் சுத்திப் பழக்கம்."

"அப்போ வா, நம்ம மேஜையைக் காட்றேன். இன்னொரு செருப்பு எங்க?"

"அது வந்துட்டே இருக்கு," என்றாள் சுண்டு. கூடவே நடந்தாள்.

லாரி உள்ளே வராததால் ஏழு பெட்டிகளையும் மூன்று பேரும் கையிலேயே விடுதிக்குச் சுமந்தார்கள். வழியில் கிடந்த செருப்பை மாமா பொறுக்கிக்கொண்டார். அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு அப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்தார். எது எங்கே வேண்டும் என்று கஸ்டமர் வந்து சொல்லாமல் ஒரு சாமானையும் பிரித்து வைக்கக்கூடாது. அது தொழிலில் பாலபாடம். எனவே மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

எதிரே இருந்த லேப் கட்டடத்திலிருந்து பேச்சுக் குரல் வந்தது. இரண்டு குரலாக இருந்தது நான்கு ஐந்தாக ஆனது. நடுவில் ஒரு குரல் தவளையின் இதயத்தைப் பற்றி ஏதோ சொல்ல, மொத்தமாக ஒரு சிரிப்பு எழுந்தது. அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"மணி அஞ்சு. போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார் மாமா.

"வேணாம்," என்றார் அப்பா.

"ஆறரைக்குப் பக்கத்து ஊர் டாக்டர் வீட்டு லோடு இருக்கே அத்தான்."

அப்பா போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"டாக்டர் சார், வண்டி வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும். இல்ல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. இங்க நம்ம கஸ்டமர் ஒருத்தங்க பேசிட்டு இருக்காங்க. ரொம்ப நாள் கழிச்சுப் பேசுறாங்க, சார். முடியட்டும்."